‘தோந்தே லே துவேலே?’ என்று கேட்ட பிறகு

மருத்துவ ஸ்பானிஷ் சொல்லித்தரும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் கேள்விகள்தான் வரிசையாக நிற்கும். ‘தோந்தே லே துவேலே?’ எங்கே வலிக்கிறது. ‘தெஸ்தே குவாந்தோ?’ எப்போதிலிருந்து. ‘தோமா அல்குனா மெதிசினா?’ ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா. சனி, ஞாயிறு உட்கார்ந்தால் மனப்பாடமாகிவிடும். திங்கட்கிழமை கேட்டும்விடலாம். வினை அதற்கப்புறம்தான். உச்சரிப்பு கொஞ்சம் சுத்தமாக இருந்துவிட்டால் போதும், எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா ‘இந்த டாக்டருக்கு நம்ம பாஷை தெரியும்’ என்று நம்பி மூச்சுவிடாமல் பேச ஆரம்பிப்பார். முட்டி வலியில் தொடங்கி, மருமகள் வழியாக, மெக்சிகோவின் மொந்தெர்ரேயில் நடந்த ஒரு சாவுக்குப் போய், திரும்பவும் முட்டிக்கு வருவார். அந்தப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கேட்கத் தெரிந்து, பதில் புரியாத டாக்டர், ஸ்பானிஷே தெரியாத டாக்டரைவிட ஆபத்தானவர் என்பது என் கட்சி. தெரியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார். அரைகுறையாகத் தெரிந்தவர் தலையாட்டுவார்.

நான் இருப்பது டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியை ‘வேலி’ என்பார்கள். பள்ளத்தாக்கு என்ற பொருளில்தான். ஆனால் தமிழ்க் காதுக்கு அது வேறாகக் கேட்கும், எல்லையில் அந்த வேறும் இரும்பில் நிற்கிறது. எங்கள் ஹிடால்கோ கவுண்டியில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்தவர்கள். இங்கே இந்திய டாக்டர்கள் நிறைய இருப்பதற்கு ஒரு காரணம் விசா. ஜே-1 என்ற பயிற்சி விசாவில் ரெசிடென்சி (ஆஸ்பத்திரியில் மேற்படிப்புப் பயிற்சி) முடித்தவர்கள் இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். விலக்கு வேண்டுமானால் டாக்டர் தட்டுப்பாடுள்ள பகுதியில் மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும். கான்ராட் 30 என்று பெயர். ஒவ்வொரு மாநிலமும் வருஷத்துக்கு 30 பேருக்குச் சிபாரிசு செய்யலாம். அப்படி வந்தவள்தான் நானும். நாகர்கோவிலில் பிறந்து, ஆங்கிலத்தில் மருத்துவம் படித்து, கடைசியில் ஸ்பானிஷில் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. தமிழ்க்காரர்களுக்கு இந்த மொழியில் சில கதவுகள் தானே திறக்கும். கூடப் படித்த அமெரிக்க டாக்டர்கள் வாரக்கணக்கில் முட்டி மோதிய இடம் ‘மே துவேலே லா கபேசா’ என்ற வாக்கியம். தலை என்னை வலிக்கிறதா, நான் தலையை வலிக்கிறேனா, யார் எழுவாய் என்று ஒரே குழப்பம். எனக்கு அதில் புரியாமல் போக எதுவுமே இல்லை. எனக்குத் தலை வலிக்கிறது, அவ்வளவுதான். ‘மே கூஸ்தா’ என்றால் எனக்குப் பிடிக்கும். ‘மே தா மியேதோ’ என்றால் எனக்குப் பயமாயிருக்கு. உடம்புக்கும் மனசுக்கும் நேர்வதையெல்லாம் ‘எனக்கு’ என்று தொடங்கும் பழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. ‘தூ’ (நீ), ‘உஸ்தேத்’ (நீங்கள்) வேறுபாட்டை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுபது வயதுப் பெரியவரை ‘நீ’ என்று எந்த நர்ஸாவது கூப்பிட்டால் நமக்கு எங்கே குத்துமோ, இவர்களுக்கும் அங்கேதான் குத்துகிறது.

ஒலியும் அப்படித்தான். இவர்களுடைய ‘த’ நம் ‘த’. பல்லில் நாக்கு படுகிறது, ஆங்கிலக்காரர்களுக்கு அது வரவே வராது. அது இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் ‘அது’ என்பதில் நாம் மெலிதாக்குவதைப் போலவே அவர்களும் மெலிதாக்குகிறார்கள். ‘பேரோ’ என்றால் ஆனால், ‘பேறோ’ என்று உதறிச் சொன்னால் நாய். ர, ற வித்தியாசத்தைப் பேச்சில் இன்னும் விடாத குமரி மாவட்டத்துக்காரிக்கு இது பாதி இலவசம். ஞகரமும் இருக்கிறது. வயது கேட்கும்போது ‘ஆஞோஸ்’ என்று அந்த ஞகரத்தை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். ‘ஆனோஸ்’ என்று சொல்லிவிட்டால், உங்களுக்கு எத்தனை ஆசனவாய் என்று கேட்டதாகிவிடும். வகுப்பில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் இந்த உதாரணத்தை எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். நோயாளிகள் சிரித்துக்கொண்டே வயதைச் சொல்லிவிடுகிறார்கள். யாருக்கும் இதனால் ஆபத்து வந்ததில்லை.

ஆபத்து வரும் இடங்கள் சிரிப்பு வராத இடங்கள். எண்கள், உதாரணமாக. ‘செசேந்தா’ என்றால் 60, ‘செத்தேந்தா’ என்றால் 70. முகக்கவசம் போட்ட நோயாளி, பின்னால் அழும் குழந்தை, மேலே ஏசி இரைச்சல் என்றிருக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க ஊர்க்காரர்களே தடுமாறுவார்கள். இன்சுலின் எத்தனை யூனிட் போடுகிறார் என்ற கேள்விக்கு இதுதான் பதில் என்றால் வாயால் வாங்கவே கூடாது. காகிதத்தையும் பேனாவையும் நீட்டுங்கள். அடுத்தது நாள் கணக்கு. ‘ஓச்சோ தியாஸ்’, நேராகப் பார்த்தால் எட்டு நாள். அவர்கள் சொல்வது ஒரு வாரம். ‘கின்சே தியாஸ்’, பதினைந்து நாள், இரண்டு வாரம். ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு ‘எட்டு நாள் சாப்பிட்டேன்’ என்று கேட்டால் கணக்கு இடிக்கும். அப்புறம் கரண்டி. ‘குச்சராதா’ பெரிய கரண்டி, 15 மில்லி. ‘குச்சராதித்தா’ சின்னது, 5 மில்லி. நடுவில் ஓர் ‘இத்தா’தான் வித்தியாசம், குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து மூன்று மடங்காகப் போய்விடும். வாய்வழி சிரிஞ்சில் கோடு போட்டுக் கொடுத்தனுப்புவது இலக்கணத்தைவிட நல்லது.

எழுதித் தந்தால் பிரச்சினை தீர்ந்தது என்றும் இல்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், மருந்துக்கடைக் கம்ப்யூட்டர்கள் ஸ்பானிஷில் அச்சடித்துத் தந்த 76 லேபிள்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. பாதி லேபிள்களில் தவறு. சிலவற்றில் பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம். ஆங்கிலத்தில் ‘ஒரு தடவை’ என்பதற்கான ‘once’ என்ற சொல்லை எழுத்தாகப் பார்த்தால் ஸ்பானிஷில் அது 11. ஒரு நாளைக்குப் பதினொன்று. பிரஷர் மாத்திரையை அப்படிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பதில்களுக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் நீரிழிவு ‘தியாபேத்தெஸ்’, ரத்தக்கொதிப்பு ‘இப்பெர்தென்சியோன்’. கிளினிக்கில் அதையெல்லாம் சொல்பவர்கள் குறைவு. ‘தெங்கோ அசூக்கர்’ என்பார்கள், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ‘தெங்கோ பிரெசியோன்’, எனக்குப் பிரஷர் இருக்கிறது. பிரஷர் எல்லோருக்கும்தான் இருக்கிறது என்று சக டாக்டர் ஒருவர் கிண்டல் செய்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைத்தானே கேட்டு வளர்ந்தேன், ‘சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு’ என்று. கை மரத்துப்போய் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பதை ‘ஒர்மிகேயோ’ என்கிறார்கள், எறும்பிலிருந்து வந்த சொல்தான். நெஞ்சுக்குழியில் வலி என்பதை வயிற்றின் வாய் என்கிறார்கள், ‘போக்கா தெல் எஸ்தோமாகோ’. நெஞ்செரிச்சலுக்கு ‘அக்ரூராஸ்’, புளிப்பு என்ற வேரிலிருந்து. புளிச்ச ஏப்பம் என்று நாம் சொல்வதற்குப் பக்கத்து வீடு. பிரசவமானவளைப் பற்றி ‘சே அலிவியோ’ என்பார்கள். தேறிவிட்டாள், பாரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பாடப்புத்தகத்தோடு வந்தவர், இந்த அம்மாவுக்கு என்ன நோய் குணமானது என்று பதிவேட்டில் தேடிக்கொண்டிருப்பார்.

நான் படித்த மருத்துவ ஆங்கிலம் எனக்கு உதவாத இடத்திலெல்லாம் வீட்டில் ஆச்சி பேசிய மருத்துவத் தமிழ் உதவியது. இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

குழந்தைகளோடு வரும் தாய்மார்களிடம் இது இன்னும் துலக்கம். குழந்தைக்கு ‘எம்பாச்சோ’ என்று சொன்னால், தின்றது ஏதோ வயிற்றில் ஒட்டிக்கொண்டு செரிக்காமல் நிற்கிறது என்று பொருள். தொக்கம் எடுக்கும் ஆள் வீட்டுக்கு அழைத்துப்போகப்பட்ட எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் விளக்கமே தேவையில்லை. ‘மால் தே ஓஹோ’ கண்ணேறு. இங்கே அதற்கு முட்டையால் உடம்பை நீவி, உடைத்துப் பார்க்கிறார்கள். நாம் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுகிறோம். பயந்ததால் சர்க்கரை வந்தது என்பார்கள். அந்தப் பயத்துக்கு ‘சூஸ்தோ’ என்று பெயர். சில சாப்பாடு சூடு, சில குளிர்ச்சி. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பத்தியம். சப்பாத்திக்கள்ளியைச் சமைத்துச் சாப்பிட்டால் சுகர் இறங்கும் என்று நம்புகிறார்கள், நாம் பாகற்காயை நம்புவதைப் போல. (நம் ஊர்ப் பொட்டலில் ஆடு மேயப் பயந்து ஒதுங்கும் அந்தக் கள்ளி இந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். இங்கே முள் சீவி, நறுக்கி, முட்டையோடு வதக்குகிறார்கள். வெண்டைக்காய்க் கொழகொழப்பு பிடிக்குமென்றால் இதுவும் பிடிக்கும்.)

இந்தச் சொற்களைக் கேட்டுச் சிரிக்கும் டாக்டருக்கு இரண்டாவது பதில் கிடைக்காது. எம்பாச்சோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நிதானமாகக் கேட்பவருக்குக் கிடைக்கும், அதில் உயிர் போகிற விஷயம் இருக்கலாம். அசார்கோன் என்று ஆரஞ்சு நிறப் பொடி, க்ரேத்தா என்று மஞ்சள் பொடி. இரண்டும் ஈயம். எம்பாச்சோ மருந்தாகக் கொடுக்கப்பட்டுக் குழந்தைகளுக்கு ஈய விஷம் ஏறியதை அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் 1980களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொன்று ‘மொயேரா’ இறங்கிவிட்டது என்பது, உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. நம்பிக்கையின்படி குழந்தையைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், அண்ணத்தை விரலால் மேலே தள்ளுவார்கள். எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் வேறு கேள்வியே கிடையாது: எத்தனை தடவை வயிற்றால் போனது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது. உச்சிக்குழி பள்ளம் என்றால் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. தாய் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள், காரணம்தான் வேறு.

இவ்வளவு நெருக்கம் இருக்கிறதே என்று மிதப்பாக இருந்துவிடவும் கூடாது. நெருக்கம்தான் ஏமாற்றும். சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் மங்கத் தொடங்கிய ஒருவர் மாத்திரைப் பட்டியலெல்லாம் சொல்லிவிட்டு, ஆற்றைத் தாண்டிப் போய் ‘வித்தமீனாஸ்’ ஊசி போட்டுக்கொள்வதாகச் சொல்வார். பெயர் கேட்டால் நியூரோபியான். நம் ஊரில் அசதி என்று போனாலே போட்டுவிடும் பி-வைட்டமின் ஊசி, பரிச்சயமான பெயர். சரி என்று அடுத்த கேள்விக்கு நகரத்தான் மனசு சொல்லும். நகரக் கூடாது. மெக்சிகோவில் தோலோ-நியூரோபியான் என்றும் ஒன்று விற்கிறது. அதில் பி-வைட்டமின்களோடு டைக்ளோபெனாக் என்ற வலி மருந்தும் உண்டு. மங்கும் சிறுநீரகத்துக்கு அது எமன். அதே மாதிரி மெட்டமிசோல். 1977இல் அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட வலி மருந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும். அபூர்வமாக வெள்ளையணுக்களை அழித்துவிடும். ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்ற பட்டியல் கேள்விக்கு இவையெல்லாம் பதிலாக வராது, ஏனென்றால் அவர்கள் கணக்கில் அவை மருந்தே இல்லை. ‘அந்தப் பக்கத்திலிருந்து என்ன வாங்கி வருகிறீர்கள்’ என்று கேட்க வேண்டும். டப்பாவைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

மருத்துவ ஸ்பானிஷ் வகுப்பு எதிலும் தவறாமல் வரும் கதை ஒன்று உண்டு. 1980, தெற்கு ஃப்ளோரிடா. நினைவிழந்த 18 வயது இளைஞரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். குடும்பத்தார் ‘இந்தோக்சிகாதோ’ என்கிறார்கள். கியூபா வழக்கில், தின்றதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஆங்கில ‘இன்டாக்சிகேட்டட்’ போல அது ஒலித்ததால் டாக்டர்கள் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டு அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கை, கால் நான்கும் போய்விட்டன. வாழ்நாள் நஷ்ட ஈடு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர். ஆசிரியர்கள் இதைச் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தையால் எவ்வளவு கெடுதி பாருங்கள் என்று முடிப்பார்கள். எனக்கு உறைப்பது வேறு. இரண்டு தரப்பிலும் யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவில்லை. பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று இரு தரப்பும் நினைத்தது. ஒரு வார்த்தையும் புரியாமல் போயிருந்தால் ஒருவேளை யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள்.

கூப்பிடுவது நம் பெருந்தன்மையைப் பொறுத்ததும் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டமும், 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் இதைக் கடமையாக்கியிருக்கின்றன. 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை ஆட்சிமொழி என்று அறிவித்த அதிபர் ஆணை, ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்கு மொழி உதவி தரச் சொன்ன கிளின்டன் காலத்து 2000ஆம் வருஷ ஆணையை ரத்து செய்தது. சட்டங்கள் இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. உயிர் போகும் அவசரம் தவிர மற்றபடி பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. ஆனால் வைக்கிறார்கள். குழந்தை மருத்துவர் க்ளென் ஃப்ளோரெஸின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகள் மருத்துவப் பிரிவின் 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 396 பிழை, சந்திப்புக்குச் சராசரி 31. அதிகம் நடந்தது விடுபடுதல். சொன்னதில் ஏதாவது ஒன்றை நடுவில் நிற்பவர் விழுங்கிவிடுகிறார். பயிற்சி பெற்றவர்களும் தவறினார்கள், ஆனால் கையில் கிடைத்தவரை நிற்க வைத்தபோது ஆபத்தான தவறுகளின் பங்கு கூடுதல்.

வீட்டுப் பிள்ளை ஏன் விழுங்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன. தன் அம்மாவிடம் மாதவிலக்கு பற்றியும், அப்பாவிடம் குடி பற்றியும் எந்தப் பையன் கேட்பான்?

அதனால் எனக்கு நானே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். சளி, முட்டி, சுகர், பிரஷர், மாத்திரை மாற்றுவது, இவை ஸ்பானிஷில். அறுவைக்குச் சம்மதம் வாங்குவது, புற்றுநோய் என்று சொல்வது, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பது, கடைசிக் காலப் பராமரிப்பு, இவற்றுக்கு எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் சக்கர ஸ்டாண்டில், மொழிபெயர்ப்பாளர் தோன்றும் வீடியோத் திரையை உருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். கடைசிக் காலப் பராமரிப்புக்கான ‘ஹாஸ்பிஸ்’ என்பதை நாமாக ஸ்பானிஷாக்கி ‘ஓஸ்பிசியோ’ என்றால், பலர் காதில் அநாதை இல்லம் என்று விழும். சாகும் நிலையில் இருக்கும் தகப்பனை அங்கே அனுப்பலாமா என்று நான் கேட்டதாக அந்தக் குடும்பம் நினைத்தால், அதற்குப்பிறகு என்ன பேசியும் சரிக்கட்ட முடியாது.

இந்தக் கோட்டைப் பற்றி எங்கள் கிளினிக்கிலேயே ஒத்த கருத்து இல்லை. இங்கே வேலை செய்யும் உதவியாளர்கள் எல்லாம் ஊர்ப் பெண்கள், ஸ்பானிஷில் பிறந்தவர்கள். திரை எதற்கு, நான் சொல்கிறேனே என்பார்கள். எனக்கு உண்மையில் ஸ்பானிஷ் கற்றுத்தந்தவர்களும் அவர்களே. வகுப்பு இலக்கணம் தந்தது, கைபேசிச் செயலி ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது என்று சொல்லித்தந்தது. ‘சோர்ரோ’ என்றால் வயிற்றால் பிய்த்துக்கொண்டு போவது, ‘சாமோர்ரோ’ என்றால் கெண்டைக்கால் என்பதெல்லாம் அவர்கள் மதியச் சாப்பாட்டு மேஜையில் தந்தது. ஆனால் பேசத் தெரிவது ஒன்று, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் கடத்துவது இன்னொன்று. அதற்குத் தனிப் பயிற்சியும் தேர்வும் இருக்கின்றன. டாக்டர்கள் நேரடியாக ஸ்பானிஷில் பேசவும் தொலைபேசி வழித் தேர்வு வைக்கும் இடங்கள் உண்டு. எழுதுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். தலைக்கனம் அடங்கும்.

பதில் சரியாக வந்து சேர்ந்தாலும் ‘ஆமாம்’ என்ற ஒன்று பாக்கியிருக்கிறது. ‘சீ, தொக்தோரா.’ நம் ஊரில் ‘சரிங்க டாக்டர்’ என்பதற்கு எத்தனை அர்த்தமோ அத்தனை இதற்கும். புரிந்தது, புரியவில்லை, புரிந்தது ஆனால் செய்யப் போவதில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வயதான அம்மாக்கள் ‘மீஹா’ என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். மகளே என்றுதான் பொருள், எங்கள் ஊர் ‘மக்களே’. அந்த வாஞ்சையில் கரைந்துவிட்டால் மருந்துக் கணக்கு கோட்டை விட்டுப்போகும். வீட்டுக்குப் போய் மகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், எனக்குச் சொல்லிக்காட்டுங்கள் என்று கேட்பேன். அவர்கள் திருப்பிச் சொல்லும்போது என் ஸ்பானிஷில் எது ஓட்டை என்பதும் தெரிந்துவிடும்.

ஸ்பானிஷே பதில் இல்லாத ஆட்களும் வருகிறார்கள். கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்ட் பக்கம் பண்ணைகளில் மிக்ஸ்தெக் என்ற மெக்சிகோ பூர்வகுடி மொழி பேசுபவர்கள் ஏராளம். எங்கள் எல்லையில் குவாத்தமாலாவிலிருந்து மாம், கிச்சே பேசுபவர்கள். காய்ச்சலோடு வந்த ஓர் இளம்பெண் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் ‘சீ’ என்றாள். வலிக்கிறதா, சீ. வலிக்கவில்லையா, அதற்கும் சீ. உதவியாளர்தான் முதலில் உஷாரானார், ஊர் கேட்டார். உவெவெதெனாங்கோ, குவாத்தமாலாவில் மாம் பேசும் பகுதி. தொலைபேசியில் மாம் தெரிந்தவரைத் தேடிப் பிடித்தோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் நடுவில் இன்னொருவர்: நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஒருவர் ஸ்பானிஷாக்க, மற்றவர் மாம் ஆக்க, பதில் அதே வழியில் திரும்பி வர. கால் மணி நேர வேலை பகல் முழுக்க இழுத்தது. சிறுநீரகத் தொற்று, நல்லவேளையாக மாத்திரையில் தீர்ந்தது. அதற்குப்பிறகு வரவேற்பறைப் படிவத்தில் ‘ஸ்பானிஷ் பேசுவீர்களா’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘சின்ன வயதில் வீட்டில் என்ன மொழி பேசினீர்கள்’ என்று மாற்றச் சொன்னேன். நிர்வாகத்துக்கு அதில் ஏகப்பட்ட சந்தேகம், கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை என்றார்கள். இப்போதைக்கு அதைப் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.